உமியில் போட்ட எட்டு

இதை எழுத உட்கார்ந்தபோது கை கூசியது. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். வாழ்நாளில் நான் அதிகம் எழுதியது சினை ஊசிப் பதிவேடுதான். மாட்டின் நிறம், கொம்பு, எத்தனையாவது ஈத்து, ஊசி போட்ட தேதி, சினை பிடித்ததா இல்லையா. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டத்துக்குள் எழுதிப் பழகியவன் முழுத் தாளை எடுத்துக்கொண்டு உட்காரலாமா என்று படிப்பவர்கள் நினைத்தால் அது நியாயம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் நான் மோட்டார் சைக்கிள் பழகிய ஒரு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்குத் தனியாகச் சிரிப்பு வருகிறது. அதை எழுதிப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை.

அப்போது எனக்கு முப்பத்தோரு வயது. பால் சங்கங்களுக்குச் சினை ஊசி போடும் வேலை. பசுமாடு பருவத்துக்கு வந்தால் ஊரிலிருந்து காலைப் பால் வண்டியில் சேதி வரும். மாலைக்குள் போய் ஊசி போட வேண்டும். தாமதமானால் பருவம் அடங்கிவிடும். பிறகு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். ஒரு வேளை தவறினால் அந்த வீட்டில் கன்றும் பாலும் அத்தனை நாள் தள்ளிப்போகும். எனக்கு இருபத்திரண்டு ஊர்கள். பாதி ஊர்கள் திருவெண்ணெய்நல்லூர் ரோட்டில், மீதி கண்டமங்கலம் பக்கம். இரண்டும் எதிரெதிர்த் திசை. என்னிடம் இருந்ததோ ஒரு சைக்கிள்.

ஒருநாள் ஆபீசில் கூப்பிட்டுச் சொன்னார்கள். எங்கள் பகுதிக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வரப்போகிறது. பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. ஆனால் மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் எடுத்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் வண்டி பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். அவரிடம் ஏற்கெனவே லைசென்ஸ் இருந்தது. அவர் நல்லவர்தான். ஆனாலும் அந்த வண்டி எனக்கு வேண்டும் என்று மனதுக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. எனக்கு அப்படி எதுவும் எளிதில் வருவதில்லை.

என் கூச்சத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பஸ்ஸை நிறுத்தக்கூட நான் கை காட்ட மாட்டேன். வேறு யாராவது கை காட்டட்டும் என்று பக்கத்தில் நிற்பேன். யாரும் இல்லையென்றால் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். கல்யாணப் பந்தியில் இலையில் உப்பு வைக்க மறந்துவிட்டால் உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்துவிடுவேன்.

எனக்கு வண்டி பழக்கியவன் என் மனைவியின் தம்பி. என்னைவிட ஏழு வயது சின்னவன். ஒரு ரைஸ் மில்லில் இன்ஜின் டிரைவராக இருந்தான். அவனிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. மில்லுக்குப் பின்னால் அவித்த நெல் காயப்போடும் பெரிய சிமெண்டுக் களம். நாலு மணிக்கு நெல்லைக் கூட்டி அள்ளிக் குவியல்களாகக் கட்டி மூடிவிடுவார்கள். அதன் பிறகு களம் காலி. முதலாளியிடம் அவன்தான் அனுமதி வாங்கினான். முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். களத்தில் செருப்புக் கால் படக்கூடாது. அது அந்தக் களத்தில் எல்லோருக்கும் உள்ள வழக்கம். முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடுதான் நெல்லைப் பார்க்க வருவார். வண்டிச் சக்கரத்தைக்கூட வாசல் தொட்டியில் கழுவிவிட்டுத்தான் உள்ளே உருட்ட வேண்டும்.

முதல் நாள் நான் வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். எங்கே ஏறுவது, எதைப் பிடிப்பது என்று ஒரு தயக்கம்.

"மாமா, இது மாடு இல்ல, பின்னாடி நிக்கறதுக்கு" என்றான். "முன்னாடி வந்து ஏறுங்க."

களத்து ஓரத்தில் சிரிப்பு எழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். நெல் காயவைக்கும் பெண்கள் ஒன்பது பேர் சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தரை மணி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள். அதுவரை அவர்களுக்கு வேறு வேலை இல்லை. ஒரு மாதம் முழுக்க அவர்கள் பார்க்கத்தான் நான் ஓட்ட வேண்டும் என்று புரிந்தபோது, சைக்கிளே போதும் என்று தோன்றியது.

நேராக ஓட்டுவது மூன்று நாளில் வந்துவிட்டது. மெதுவாக ஓட்டுவதுதான் வரவில்லை. டெஸ்டில் எட்டு போட வேண்டும். இரண்டு வட்டம், நடுவில் ஒரு குறுக்கு. கால் தரையில் படக்கூடாது, இன்ஜின் நிற்கக்கூடாது. வேகமாகப் போனால் வட்டம் பெரிதாகிக் கோட்டைத் தாண்டும். வேகத்தைக் குறைத்தால் வண்டி ஒரு பக்கம் சாயும், கால் தானாக இறங்கும். "பாதி கிளட்ச், பாதி கிளட்ச்" என்று மைத்துனன் கத்திக்கொண்டே கூட ஓடுவான். கையில் பாதி எது, முழுசு எது என்று எனக்குத் தெரியாது. வண்டி விக்கும், குதிக்கும், நிற்கும்.

"ஊசிக்கார அண்ணன் வண்டில போறாரா, வண்டிய நடத்திக்கினு போறாரா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கொழந்தைக்கு நட பழக்கற மாதிரி இருக்குது" என்றாள் இன்னொருத்தி.

அவர்களில் ஒரு பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. என் வயதுதான் இருக்கும். திருவெண்ணெய்நல்லூர் ரோட்டில் ஒரு ஊரிலிருந்து வருகிறவர். அவர் வீட்டு மாட்டை எனக்குத் தெரியும். செவலை, ஒரு கொம்பு வளைந்தது.

"சிரிக்காதீங்கடி, ஓட்டிப் பழகட்டும்" என்றார் அவர். எனக்கு நன்றியாக இருந்தது. அடுத்த வாக்கியத்தில் அது போய்விட்டது. "இவுரு சைக்கிள மிதிச்சிக்கினு வந்து சேர்றதுக்குள்ள என் மாட்டுக்கு ரெண்டு வாட்டி பருவம் அடங்கிப் போச்சு. வெடியக்காலம் பால் வண்டில சேதி சொல்லி உட்டா, பொழுது சாய வந்து நிக்கிறாரு. கேட்டா டயர் பஞ்சராம். என் மாடு என்னா இவுருக்காகக் காத்துக்கினு நிக்குமா?"

அவர் சொன்னது உண்மை. பதிவேட்டில் அந்தச் செவலைக்கு நேராக இரண்டு கட்டம் காலியாக இருந்தது எனக்கும் தெரியும். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் சோறு போட்டுக்கொண்டே, "அந்தம்மா கேட்டது தப்பே இல்ல. வண்டிய வாங்கிக்கினு வந்து பேசுங்க" என்றாள்.

இரண்டாவது வாரமும் எட்டு வரவில்லை. மைத்துனனுக்குப் பொறுமை போய்விட்டது. "பேஜாரா இருக்குது மாமா. நீங்க கீழயே பாக்கறீங்க. கீழ என்னா புதையலா இருக்குது?" என்று சொல்லிவிட்டு இன்ஜின் ரூமுக்குப் போய்விட்டான்.

நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு களத்து நடுவில் தனியாக நின்றேன். அப்போது அந்தச் செவலை மாட்டுக்காரப் பெண்மணி எழுந்து வந்தார். மில்லுக்குப் பக்கத்தில் மலை மாதிரி கிடந்த உமியிலிருந்து ஒரு கூடை அள்ளி வந்து தரையில் மெல்லியதாக இறைத்தார். மற்றப் பெண்களும் ஆளுக்கு ஒரு கூடை கொண்டுவந்தார்கள். களத்தில் நெல் பரப்பியிருக்கும்போது அதை மணிக்கொரு தடவை காலால் கிளற வேண்டும். பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடப்பார்கள். பின்னால் வரப்பு மாதிரி ஒரு கோடு விழும். அந்த நடையில் அவர் உமி மேல் நடந்தார். ஒரு வட்டம் போய், நடுவில் குறுக்கே வந்து, அந்தப் பக்கம் ஒரு வட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தார். ஒரு தடவைகூட அவர் காலைப் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா?" என்றார். "கால பாத்து நடந்தா கோடு கோணிக்கும். நெல்லு ஒரு பக்கமா ஒதுங்கிடும். திரும்பப் போற எடத்த முன்னாடியே பாத்துடணும். அப்பறம் காலு அதுவா வரும்."

"இது வண்டிம்மா" என்றேன்.

"வண்டிய காலுன்னு நெனச்சிக்குங்க. ஓட்டுங்க, பஸ்ஸு வந்துடும்."

வண்டியை எடுத்தேன். அவர் போட்ட கோட்டில் முன்சக்கரத்தை வைத்தேன். சக்கரத்தைப் பார்க்காமல், திரும்ப வேண்டிய இடத்தில் நின்ற பச்சைச் சேலைக்காரியைப் பார்த்தேன். பிறகு அடுத்த திருப்பத்தில் நின்றவளைப் பார்த்தேன். பெண்கள் தாங்களாகவே நாலு மூலையிலும் போய் நின்றிருந்தார்கள். வெறுங்காலின் கீழே பிரேக் எவ்வளவு அழுந்துகிறது என்று விரலுக்குத் தெரிந்தது. கையில் பாதி எது என்பதும் அப்போது பிடிபட்டது. முழு எட்டு. கால் இறங்கவில்லை. இரண்டாவது எட்டும் போட்டேன். மூன்றாவதில் உமி பறந்து என் வாய்க்குள் போய் இருமிக் கீழே இறங்கினேன். அன்று ஐந்தரை மணி பஸ் அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. அதற்கும் என்னைத்தான் திட்டினார்கள். ஆனால் சிரித்துக்கொண்டே திட்டினார்கள்.

எட்டு வந்துவிட்டது. அடுத்து கை சிக்னல். எனக்கு அது எட்டைவிடக் கஷ்டம். வலக்கையை நேராக நீட்டினால் வலப்பக்கம் திரும்பப் போகிறேன் என்று அர்த்தம். நீட்டிய கையை வட்டமாகச் சுற்றினால் இடப்பக்கம். உள்ளங்கையைக் கீழே காட்டி மேலும் கீழும் ஆட்டினால் வேகத்தைக் குறைக்கிறேன். கையை மேலே தூக்கினால் நிற்கப் போகிறேன். எல்லாம் வலக்கை. ஆக்சிலேட்டரும் வலக்கைதான். கையை எடுத்தால் வண்டி தொய்யும். ஆகவே முன்கூட்டியே காட்டிவிட்டுக் கையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இது புத்திக்குப் புரிந்தது. கைதான் நீளவில்லை. முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டு உள்ளங்கை மட்டும் வெளியே வரும்.

"என்னா மாமா, பிரசாதம் வாங்கறீங்களா?" என்றான் மைத்துனன். "சைக்கிள்ல போறப்ப பழகுங்க. ரோட்ல யாரு உங்களப் பாக்கப் போறாங்க?"

அவன் சொன்னபடி மறுநாள் திருவெண்ணெய்நல்லூர் ரோட்டில் சைக்கிளில் போகும்போது பழகினேன். யாரும் பார்க்க மாட்டார்கள் என்றான். எல்லோரும் பார்த்தார்கள். ஒரு கம்புக் கொல்லை ஓரமாக இடப்பக்கத்து சிக்னலைப் போட்டுக் கையைச் சுற்றிக்கொண்டே போனேன். பரண் மேல் கிளி ஓட்டிக்கொண்டிருந்த ஆள், "ண்ணா, அப்பிடியே இந்தக் கோடிக்கும் வந்து சுத்திட்டுப் போங்க, கிளி எல்லாம் இங்கதான் எறங்குது" என்று கூப்பிட்டான்.

அதற்குப் பிறகு ஒரு மதகு வந்தது. அங்கே நிற்பதாக நினைத்துக் கையை நன்றாக மேலே தூக்கினேன். பின்னால் பிரேக் அடிக்கும் சத்தம். டவுன் பஸ் ஒன்று என் பக்கத்தில் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "எங்க போவணும்?" என்றார்.

"எங்கயும் இல்லீங்க."

"பின்ன எதுக்குக் கைய காட்டின?"

"அது சிக்னலுங்க. நான் நிக்கப் போறேன்னு."

கண்டக்டர் என் சைக்கிளைப் பார்த்தார். பஸ்ஸுக்குள் ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் நீண்டன. "சைக்கிளுக்கு சிக்னலாம்பா" என்று அவர் உள்ளே பார்த்துச் சொன்னார். பிறகு இரக்கப்பட்டவர் போல, "சரி, நின்னது நின்னாச்சு. ஏறு. சைக்கிள மேல போட்டுக்கலாம். ஜல்தி ஜல்தி" என்றார்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு வாய் வரவில்லை. இரண்டு பேர் இறங்கிவந்து சைக்கிளை மேலே ஏற்றிவிட்டார்கள். நான் டிக்கெட் வாங்கினேன். நான் ஊசி போட வேண்டிய ஊர் ஒரு மைலில் இருந்தது. அங்கே இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லவும் கூச்சம். இப்போதுதான் சிரமப்பட்டு ஏற்றியிருக்கிறார்கள், உடனே இறக்கச் சொன்னால் என்ன நினைப்பார்கள்? இன்னும் நாலு பேர் இறங்குகிற நிறுத்தம் வரை போய் இறங்கினேன். ஐந்து மைல் திரும்பி மிதித்து வந்து ஊசி போட்டேன். நல்லவேளை, பருவம் அடங்கவில்லை.

திரும்பி வரும்போது ஒரு பனைமரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். யாருமில்லாத ரோட்டில் சத்தமாகவே சிரித்தேன். அன்று பட வேண்டிய வெட்கமெல்லாம் பட்டு முடிந்ததாலோ என்னவோ, விழுப்புரம் வரும் வரை ஒவ்வொரு திருப்பத்திலும் கை முழுசாக நீண்டது. மறுநாள் களத்தில் இந்தக் கதையை நானே சொன்னேன். அந்தப் பெண்களிடம் நானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். ஒருத்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறி முதுகைத் தட்ட வேண்டியிருந்தது.

திண்டிவனத்தில் டெஸ்ட். மாதத்தில் ஒரு நாள் பிரேக் இன்ஸ்பெக்டர் அங்கே கேம்ப் வருவார். மோட்டார் வாகன இன்ஸ்பெக்டரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். என் கெடுவுக்கு முன்னால் இருந்தது அந்த ஒரு கேம்ப்தான். அதைத் தவறவிட்டால் வண்டி கைவிட்டுப் போன மாதிரி.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் மைத்துனன் வண்டியை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போனேன். புறப்படும்போது அவன் தன் கல்யாணத்துக்கு வாங்கிய கறுப்பு ஷூவைக் கொண்டுவந்தான். "ஆபீசருங்க முன்னாடி மரியாதையா நிக்கணும் மாமா." அவன் பாதம் என்னுடையதைவிட இரண்டு அளவு பெரிது. முன்னால் பழைய பேப்பரைத் திணித்துக் கட்டிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தபோது கொஞ்சம் ஆபீசர் மாதிரிதான் இருந்தது. வழியெல்லாம் அதைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனேன்.

திண்டிவனத்தில் ஊருக்கு வெளியே ஒரு மைதானம். புளியமரத்தடியில் மேஜை, நாற்காலி. சுண்ணாம்புத் தூளால் பெரிய எட்டு போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பதினொரு பேர். அந்த எட்டு எங்கள் உமி எட்டைவிடப் பெரியது. மனதுக்குள் தைரியமாக இருந்தேன்.

என் முறை வந்தது. ஏறினேன். கியர் போட்டேன். அப்போதுதான் தெரிந்தது, என் காலுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று. களத்தில் ஒரு மாதம் வெறுங்காலால் ஓட்டியவன். பிரேக் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுந்துகிறது எல்லாம் விரல்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தன. இப்போது இடையில் தோலும் பேப்பரும். மெல்ல அழுத்துவதாக நினைத்தேன். வண்டி நெற்றியில் அடித்த மாதிரி நின்றது. இன்ஜின் அணைந்தது. இரண்டு காலும் தரையில்.

"போ. அடுத்த கேம்புக்கு வா" என்றார் இன்ஸ்பெக்டர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரத்துக்கு வந்தேன். மற்றவர்கள் ஓட்டி முடிக்கும் வரை நின்றேன். அந்த வண்டி பட்டியலில் எனக்கு அடுத்தவருக்குப் போவதையும், நான் பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பொழுது சாய ஒரு வீட்டு வாசலில் போய் நிற்பதையும் நினைத்தேன். பிறகு என்ன வந்ததோ, கால் தானாக மேஜைக்கு நடந்தது. அந்த ஷூ டொக் டொக்கென்று அடித்துக்கொண்டது.

"ஐயா, இன்னொரு வாட்டி ஓட்டறேங்க."

"ஏன்?"

"ஷூவுங்க."

அவர் மேஜைக்கு அப்பால் எட்டிப் பார்த்தார். முன்பக்கம் பிதுங்கியிருந்த பேப்பரையும் பார்த்திருப்பார். "யாருதுய்யா இது?"

"மச்சானுதுங்க. நான் நெல்லுக் களத்துல பழகினேன். அங்க செருப்பு போடக்கூடாதுங்க. ஒரு மாசமா வெறுங்கால்லதான் ஓட்டினேன். எனக்கு அப்பிடித்தான் தெரியும்."

ஒரு அதிகாரியிடம் நான் அதற்கு முன் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பக்கத்திலிருந்த கிளார்க் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"கழட்டு" என்றார் இன்ஸ்பெக்டர். "ரெண்டையும் அங்க மரத்தடில வை. உனக்காக நான் சாப்பாட்ட தள்ளிப் போட்டிருக்கேன், ஞாபகம் வச்சிக்க."

மண் சுட்டது. வண்டியில் ஏறி பிரேக்கின் மேல் பெருவிரலை வைத்ததும் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. சுண்ணாம்புக் கோட்டைப் பார்க்கவில்லை. திரும்பும் இடங்களில் களத்துப் பெண்கள் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். பச்சைச் சேலை, அடுத்து செவலை மாட்டுக்காரர், அடுத்து புரையேறியவள். ஒரு எட்டு முடிந்தது. அவர் நிறுத்தச் சொல்லவில்லை. இன்னொரு எட்டும் போட்டேன். எனக்கு நிறுத்த மனமில்லை.

"போதும்யா. அந்த மைல்கல் வரைக்கும் போயி, சிக்னல் காட்டித் திரும்பி வா."

போனேன். வலக்கையை நீட்டினேன், தோள் வரை நீண்டது. திரும்பினேன். வேகம் குறைக்கிறேன் என்று ஆட்டினேன். மைதானத்துக்குள் நுழைய இடப்பக்கம் வர வேண்டும். கையை நீட்டிப் பெரிதாகச் சுற்றினேன், ஒரு கம்புக் கொல்லைக் கிளி முழுவதும் பறந்துபோகிற அளவுக்கு.

"எறக்குய்யா கைய" என்றார் இன்ஸ்பெக்டர். "ஹெலிகாப்டர் மாதிரி கெளம்பிடப் போற." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டதைத் தலைகீழாகவே படித்துவிட்டேன்.

வரும்போது நான் ஓட்டினேன். மைத்துனன் பின்னால் உட்கார்ந்து ஷூவை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். மயிலம் திருப்பம், விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு இடத்திலும், எங்கேயும் திரும்பாமல் போனாலும், எதற்காவது ஒரு சிக்னல் போட்டேன். "மாமா, போதும் மாமா. பின்னாடி லாரிக்காரன் கொழம்பிப் போயி நின்னுட்டான்" என்று அவன் என் முதுகில் குத்திக்கொண்டே வந்தான்.

மறுநாள் சனிக்கிழமை. ஆபீசுக்குப் போய்த் தாளைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஒரு ரிஜிஸ்டரில் கையெழுத்து போடச் சொன்னார்கள். வண்டி வர இன்னும் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மதியத்துக்கு மேல் சைக்கிளிலேயே கண்டமங்கலம் பக்கம் போய் இரண்டு மாடுகளுக்கு ஊசி போட்டேன். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது.